சின்னப்பொண்ணு கூட்டின வீடு

எங்க வீதியில ஆம்பளைங்களைப் பார்க்கணும்னா ஆடிக்கும் மார்கழிக்கும் நடுவுலதான் வரணுமுங்க, மத்த மாசத்துல வந்தா பொம்பளைங்களும் கிழடுகட்டைகளும் ஆட்டுக்குட்டிகளுந்தான் இருப்போம், ஏன்னா வீட்டுக்கு ஒருத்தர் போர்வெல் லாரியில ஏறி வடக்க போயிருப்பாங்க, தைப்பொங்கல் வச்ச பானை காயறதுக்குள்ள கிளம்பினா வாயில நுழையாத பேருள்ள ஊர்லெல்லாம் பூமியை ஓட்டை போட்டு, அடுத்தவன் தோட்டத்துக்குத் தண்ணி எடுத்துக் குடுத்து, அங்க மழை புடிச்சு லாரி டயரு சேத்துல இறங்குறப்பத்தான் வீட்டு நெனப்பு வந்து திரும்புவாங்க. அப்படித்தான் எங்க மாமனாரு காலத்துல இருந்து நடக்குது.

கிளம்புற அன்னிக்கு ஒரு சாங்கியம் உண்டு. லாரிக்கு மாலை போட்டு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் காட்டி முடிச்சதும் ஆம்பளை வீட்டுக்குள்ள போயி நிலைப்படிக்கு உள்பக்கமா நின்னு, பொண்டாட்டி முகத்தைப் பார்த்து, "போயிட்டு வர்றேன்" அப்படீன்னு வாய் நிறையச் சொல்லிட்டு வலது காலை வெளிய வைக்கணும். அந்தச் சொல்லு நிலைப்படி ஓரமாக் கிடக்கும். ஆளு ஆந்திரா பார்டரைத் தாண்டிட்டேன்னு போன் பண்ற வரைக்கும் வீட்டுல வெளக்குமாத்தைத் தொடக் கூடாது, தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது, சோத்துப் பருக்கை சிந்திக் கிடந்தாலும் காலால ஒதுக்கிவிட்டுட்டுத்தான் நடக்கணும். ஏன்னு நாங்க யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தா மட்டும் என்ன, சொல்றதுக்கு யாருக்குத் தெரியும்?

இந்த வீதியில கடைசி வீடு சம்பூரணத்துது. அவ வீட்டுக்காரர் நல்லசிவம் அண்ணன் லாரியில பைப்பு இறக்குற வேலை, கையைக் காலை ஆட்டி அதிகம் பேசாத மனுசன், வருசத்துல ஆறேழு மாசம் மெஷின் இரைச்சலுக்குள்ள நின்னு நின்னு, பேசினாலும் யாருக்குக் கேட்கப்போகுதுங்கற மாதிரி வாயைத் திறப்பாரு. ஒரு ஆடியில, திரும்பி வர்ற நேரம் பார்த்து, பைப்பு சரிஞ்சு தோள்பட்டையில விழுந்துபோச்சு. கட்டுப் போட்டு, கட்டுப் பிரிச்சு, எண்ணெய் தேய்ச்சு, அடுத்த தையில வண்டி அவரில்லாமப் போயி, ஒரு வருசத்துக்கு மேல வீட்டுலயே இருந்தாரு. கல்யாணமான நாள்ல இருந்து சம்பூரணம் புருசனோட ஒரு முழு வருசம் குடும்பம் நடத்துனது அந்த ஒரு வருசந்தான், அதை நல்லா மனசுல வச்சுக்கங்க.

அடிபட்ட அந்த வருசத் தீபாவளிக்குத்தான் அவங்க பொண்ணு தாரணி பெங்களூர்ல இருந்து தானாவே வீடு கூட்டற அந்த மெஷினை அனுப்பிவிட்டா. அம்மாவுக்கு இடுப்பு வலி, குனிஞ்சு கூட்ட முடியலை, அப்பாவுக்கும் தோள் சரியில்லைன்னு பாவம் அந்தப் புள்ள ஆசையாத்தான் அனுப்புச்சு, அவளைக் குத்தம் சொல்ல நாக்கு வரலை. பெட்டியைப் பிரிக்கிறப்ப வீதியே அங்கதான் இருந்தோம். அடேயப்பா, என்ன அழகு! வட்டமா, வெள்ளை வெளேர்னு, சுத்தி ஒரு தங்கக் கலர் கோடு, நெத்தியில நீல விளக்கு, தொட்டா வழுக்குது, தரையில விட்டா சத்தமில்லாமப் போயி கட்டிலுக்கு அடியில பூந்து, பீரோவை மோதாம வளைஞ்சு, மூலையில கிடந்த தூசியை உறிஞ்சிட்டு, தானாவே தன் இடத்துக்குப் போயி நின்னுக்கிட்டு, "சுத்தம் முடிந்தது" அப்படீன்னு ஒரு பொம்பளைப் புள்ள கொரல்ல சொல்லுச்சு.

"ஏனம்மிணி, காப்பித்தண்ணி கேட்காம வேலை செய்யற புள்ளையை இப்பத்தான் பார்க்கறேன்" அப்படீன்னா மாவு மில்லு பெரியநாயகி அக்கா. அந்த அக்காதான் எங்க வீதிக்குச் சாங்கியம் சொல்ற ஆளு, எந்தக் கிழமை எண்ணெய் வாங்கலாம், எந்தத் திசை பார்த்துப் பால் காய்ச்சலாம்னு எல்லாம் அவ வாயில இருந்துதான் வரணும். அவதான் அதுக்குச் சின்னப்பொண்ணுன்னு பேரு வச்சு, சந்தனம் குங்குமம் இட்டு, மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் காகிதத்தைப் பிரிக்கப் போன சம்பூரணத்தோட கையிலயும் ஒண்ணு போட்டா. புதுசு புதுசாவே இருக்கட்டும்னா. அந்தக் காகிதம் இன்னைக்கு வரைக்கும் பிரியலைங்க.

சின்னப்பொண்ணு தூசியை மட்டும் கூட்டலைங்கறது ஒரு வாரத்துலயே தெரிஞ்சுபோச்சு. குப்பை வண்டி தள்ளிட்டு வர்ற குருவம்மாதான் முதல்ல கேட்டது. சம்பூரணம் மெஷினோட டப்பாவைக் கொண்டாந்து வண்டியில கவுத்தா, முடியும் கடலைத் தோலும் விழுந்ததுக்கு அப்புறம், காஞ்ச கறிவேப்பிலை மாதிரி சுருண்டு சுருண்டு என்னமோ விழுந்துச்சு, விழுந்தது எல்லாம் பேசுச்சு. 'டிவி சத்தத்தைக் கொறைங்க மாமா', 'ஏன், உனக்குக் காது வலிக்குதா', 'கொழம்புல புளி தூக்கலா இருக்குதுன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன', அப்படீன்னு முந்தின நாள் அந்த வீட்டுல பேசினது எல்லாம், அவங்கவங்க கொரல்லயே.

குருவம்மா பயப்படவே இல்லை, கோவந்தான் பட்டா. "இந்தாங்கக்கா, இது மக்குற குப்பையா மக்காத குப்பையா? பிரிச்சுக் குடுக்கோணும்னு எத்தனை தடவை சொல்றது? பச்சைக் கூடையில போட்டு நாளைக்கு ஆபீசர் என்னைக் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

வீதியே கூடிப் பேசினோம். சொல்லு மக்குமா மக்காதா? சிலது ஒரு நாள்ல மக்கிப்போயிரும்னா ஒருத்தி, என்ற மாமியா சொன்னது எதுவும் இன்னும் மக்கலைன்னா இன்னொருத்தி. கடைசியில பெரியநாயகி அக்கா சொல்லுக்குக் கட்டுப்பட்டு மக்காததுன்னு வச்சு நீலக் கூடையிலயே போடறதுன்னு முடிவாச்சு, குருவம்மாவும் முனகிக்கிட்டே வண்டியைத் தள்ளிட்டுப் போனா.

கூட்டின சொல்லு கூட்டினதுதான். சொன்னவங்களுக்கும் ஞாபகம் இருக்காது, கேட்டவங்களுக்கும் இருக்காது. இது தெரிஞ்சப்ப நாங்க மெரண்டு போயிருப்போம்னுதானே நெனைக்கறீங்க? அட நீங்க வேற, ஆளாளுக்கு இரவல் கேட்டு வாசல்ல நின்னோம்! பெரியநாயகி அக்காவும் அவ மருமகளும் பேசாம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே வருசக்கணக்கா இருந்தாங்களே, ஒரு வெள்ளிக்கிழமை சின்னப்பொண்ணை விட்டுக் கூட்டினதுக்கு அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கினதை என் கண்ணால பார்த்தேன். கல்யாண வீட்டுல சம்பந்திகள் மொறைச்சுக்கிட்டா, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பந்தியில இருக்கறப்பவே ஆளு ஓடிவந்து மெஷினை வாங்கிட்டுப் போகும். வார்டு கவுன்சிலரு சமுதாயக் கூடத்துல மைக்கு புடிச்சு அதைச் செய்யறேன் இதைச் செய்யறேன்னு பேசிட்டு, அவரே ஆள் விட்டு நைசா வாங்கிட்டுப் போயி கூடத்தைச் சுத்தம் பண்ணிட்டாரு, ரோடு வந்துச்சான்னு எங்களுக்குக் கேட்கவே தோணலை. எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சுங்க, அதை மறைச்சு என்ன ஆகப்போகுது.

ஒரே ஒரு சங்கடந்தான். சண்டை மறந்துபோச்சே தவிர சண்டைக்கான காரணம் மறையலை, கொழம்புல புளி அப்படியேதான் இருந்துச்சு, டிவி சத்தமும் அப்படியேதான் இருந்துச்சு. அதனால நேத்துப் போட்ட சண்டையையே இன்னைக்குப் புதுசாப் போட்டு, நாளைக்கும் போடுவாங்க, தீரவும் தீராது, முத்தவும் முத்தாது. சம்பூரணம் மட்டும் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சா, எங்க வீட்டுல இத்தனை நாளா ஒரு சண்டை ஞாபகமில்லைன்னு.

"அண்ணன் என்னதான் பேசறாரு பகலெல்லாம்?" அப்படீன்னு கேட்டா, "என்னமோ பேசறாரு, நல்லாத்தான் பேசறாரு" அப்படீம்பா. அதுக்கு மேல அவளுக்குச் சொல்லத் தெரியாது.

நான் அவங்க வீட்டுக்குப் போறப்பெல்லாம் பார்த்திருக்கேன், அண்ணன் கட்டில்ல உட்கார்ந்திருப்பாரு, சின்னப்பொண்ணு அந்தப் பக்கமா வந்தா ஸ்கூல் புள்ளை மாதிரி ரெண்டு காலையும் தூக்கிக்குவாரு, அது போனதும் இறக்குவாரு. முதல்ல கொஞ்ச நாள் வாய் ஓயாமப் பேசினாரு, வருசக்கணக்கா அடக்கி வச்சதெல்லாம் வீட்டுல உட்கார்ந்ததும் ஊறி வந்துருச்சு போல, கோழிக்குத் தீவனம் போட்டுக்கிட்டே பேசுவாரு, வெங்காயம் உரிச்சுக் குடுத்துக்கிட்டே பேசுவாரு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மெஷினையே பார்த்துக்கிட்டு உட்கார ஆரம்பிச்சாரு. ஞாபகம் இல்லைன்னாலும் மனுசனுக்கு உள்ளுக்குள்ள தெரியாமப் போகுமா, சொன்னது எதுவும் நிக்கறதில்லைன்னு?

வண்டி அவரில்லாமப் போன தைக்கு அடுத்த தை வந்துச்சு. தோள் சரியாயிருச்சுன்னு டாக்டரு சொல்லிட்டாரு, வண்டிக்கு ஆளு வேணும்னு ஓனரும் சொல்லிவிட்டுட்டாரு. கிளம்புற அன்னிக்குக் காலையில சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுங்கி, நாங்க எல்லாம் வாசல்ல நிக்கிறோம், அண்ணன் நிலைப்படிக்கு உள்ளே நின்னு சம்பூரணத்தைப் பார்த்துச் சொன்னாரு. சொல்லிட்டு வலது காலை வெளிய வச்சாரு. வச்ச காலு இன்னும் முழுசாத் தரையில ஊனலை, மூலையில நீல விளக்கு எரிஞ்சு, "சுத்தம் செய்யத் தொடங்குகிறேன்" அப்படீன்னு சின்னப்பொண்ணு கிளம்பிருச்சு. தாரணி பெங்களூர்ல இருந்து போன்லயே நேரம் வச்சுவிட்டது அது, தினமும் அந்த நேரத்துக்குக் கிளம்பும், நிறுத்தறது எப்படின்னு அவ சொல்லிக் குடுத்ததை யாரு கேட்டா?

சம்பூரணம் பதறிப்போயி ஓடினா. "ஐயோ, ஆளு இன்னும் லாரி ஏறலை, கூட்டக் கூடாதே" அப்படீன்னு அதைத் தூக்கக் குனிஞ்சா.

பெரியநாயகி அக்கா வாசல்ல இருந்தே எட்டி அவ கையைப் புடிச்சு நிறுத்தினா. "விடம்மிணி. சாங்கியம் வெளக்குமாத்துக்குத்தான். இது மெஷினு. மெஷினு கூட்டினா அது கூட்டின கணக்குல வராது."

நாங்க எல்லாம் ஆமா ஆமான்னோம். அதென்ன நியாயம்னு கேட்க ஒருத்திக்கும் வாய் வரலை, கரண்டு அடுப்புல பொங்கல் வச்சாலும் பொங்கல்தானேன்னு தலையாட்டிப் பழகின கூட்டம்தானே இது. சம்பூரணமும் நிமிர்ந்துட்டா. சின்னப்பொண்ணு நிலைப்படி ஓரமா வந்து, ஒரு வட்டம் போட்டு, திரும்பிப் போயி, "சுத்தம் முடிந்தது" அப்படீன்னுச்சு. வெளிய லாரி ஹாரன் அடிச்சுட்டுத் தெரு முனை திரும்பிருச்சு.

பார்டர் தாண்டிட்டேன்னு போன் வந்துச்சு. வேலை நல்லாப் போகுதுன்னு வந்துச்சு. பணம் வந்துச்சு. ஆடியும் வந்துச்சு, அங்க மழை புடிச்சிருச்சுன்னு டிவியில காட்டினான், லாரிங்க ஒண்ணொண்ணா வீதிக்குள்ள நுழைஞ்சுச்சு, நல்லசிவம் அண்ணன் போன வண்டியும் வந்து நின்னுச்சு. எல்லாரும் இறங்கினாங்க, அண்ணன் இறங்கலை.

டிரைவர் வேலுச்சாமி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான். "நாக்பூர் தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்துனோமுங்கக்கா. டீ குடிச்சாரு. ஏறுங்கண்ணான்னேன். நீங்க போங்கப்பா, எனக்கு எங்க போகோணும்னு தெரியலைன்னாரு. விளையாடறாருன்னு நெனைச்சோம். கையைப் புடிச்சு இழுத்தும் பார்த்தோமுங்க, காலு அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை."

அவரு அங்க நல்லாத்தான் இருக்காருங்க. அந்த டீக்கடையிலயே கிளாஸு கழுவிக் குடுத்துட்டு, பின்னால ஒரு கட்டில் போட்டுப் படுத்துக்கிட்டு இருக்காரு. போன் பண்ணினா எடுப்பாரு. "கிளம்போணும்னுதான் சம்பூ நெனைக்கிறேன். பையை எடுத்து ரோட்டுக்கு வந்துருவேன். வந்ததும் எதுக்கு வந்தேன்னு மறந்துபோகுது" அப்படீம்பாரு. குடி இல்லை, வேற தொடுப்பு இல்லை, மனசு கொழம்பலை, அவளை மறக்கலை, பொண்ணை மறக்கலை. வர்றேன்னு சொன்ன சொல்லு வீட்டுல இல்லை, அவ்வளவுதான். இழுத்துப் புடிக்க இங்க ஒண்ணும் கிடக்கலை.

தாரணி லீவு போட்டுப் போயி அப்பாவைக் கார்ல ஏத்தினா. டீக்கடை இருக்கற ஊரு எல்லை தாண்டினதும் வண்டி மக்கர் பண்ணி நின்னுபோச்சு, இறங்கித் தள்ளினா பின்னாலதான் உருளுது, முன்னால நகர மாட்டேங்குது. அழுதுக்கிட்டே திரும்பி வந்தா அந்தப் புள்ள.

நாங்களும் சும்மா இருக்கலை, எங்களுக்குத் தெரிஞ்சதைச் செஞ்சோம். அவரு போட்டோவை நிலைப்படியில வச்சுப் பார்த்தோம், அவரு செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி வச்சோம். பெரியநாயகி அக்கா ஒரு யோசனை சொன்னா, போனை ஸ்பீக்கர்ல போட்டு நிலைப்படிகிட்ட தரையில வச்சு, இன்னொருக்கா அவரையே சொல்லச் சொல்லலாம்னு. வச்சோம். அந்தப் பக்கம் டீ ஆத்துற சத்தம், லாரி ஹாரன், அதுக்கு நடுவுல அண்ணன் கொரலு, "போயிட்டு வர்றேன்", தெளிவாத்தான் கேட்டுச்சு. நாங்க எல்லாம் குனிஞ்சு தரையைப் பார்த்தோம். ஒண்ணும் விழலை. போன்ல பேசற பேச்சு தரையில விழறதில்லைங்க, அது எங்கயோ காத்துலயே போயிருது.

அன்னிக்குத்தான் சம்பூரணம் உடைஞ்சா. உட்கார்ந்த இடத்துல இருந்து பெரியநாயகி அக்காவைப் பார்த்து, "மெஷினு கூட்டினா கணக்குல வராதுன்னியேக்கா" அப்படீன்னா. கத்தலை, சாதாரணமாத்தான் கேட்டா. அந்த அக்கா, ஊருக்கே சாங்கியம் சொல்ற அந்த அக்கா, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனவதான், அதுக்கு அப்புறம் யாருக்கும் எதுக்கும் நாள் பார்த்துச் சொல்றதில்லை.

"புருசன் போனதை விட இன்னொண்ணு இருக்குதக்கா" அப்படீன்னா சம்பூரணம் எங்கிட்ட. "ஒரு வருசம் எங்கூடவே இருந்தாரு. ஒரு வருசம் பேசினாரு. கண்ணை மூடினா அவரு வாய் அசையறது தெரியுது, சத்தம் வர மாட்டேங்குது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்ட இல்லையேக்கா." நான் அவ கையைப் புடிச்சு எழுப்பப் பார்த்தேன்.

அவளேதான் எந்திரிச்சா. மறுநாள் குருவம்மா வண்டிக்குப் பின்னாலயே நடந்து ஊருக்கு வெளிய இருக்கற குப்பைக் கிடங்குக்குப் போனா, நானும் துணைக்குப் போனேன். இதுக்குள்ள ஊருல வசதியுள்ள வீட்டுல எல்லாம் ஒரு சின்னப்பொண்ணு வந்துருச்சு, ஒவ்வொண்ணும் ஒரு கலரு, ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி, எங்களுது எவ்வளவு அழகு பாருன்னு போட்டி வேற. அதனால மக்காத குப்பைப் பக்கம் சொல்லு மலையாக் கிடந்துச்சுங்க. கிட்டப் போனா சந்தைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இரைச்சல். திட்டு இருந்துச்சு, கெஞ்சல் இருந்துச்சு, ஒரு அப்பா மகளை மன்னிச்சுட்டேன்னு சொன்னது கிடந்துச்சு, யாரோ ஒரு சின்னப் புள்ளை முதமுதல்ல அம்மான்னு சொன்னது கூடக் கிடந்துச்சு, அதை எல்லாம் போயிக் கூட்டிக் கொட்டியிருக்காங்க பாருங்க.

"இதுல எங்கன்னு தேடுவீங்க? போங்கக்கா வீட்டுக்கு" அப்படீன்னு குருவம்மா வஞ்சுக்கிட்டே கையுறையைக் கழட்டி அவகிட்டக் குடுத்தா.

'போயிட்டு வர்றேன்' எத்தனையோ கிடைச்சுச்சு, எடுத்துக் காதுல வச்சா ஒண்ணும் அண்ணன் கொரல் இல்லை. ஸ்கூலுக்குப் போன புள்ளைங்க, ஆஸ்பத்திரிக்குப் போன கிழவன், பஸ்ஸுக்கு ஓடின எவளோ. ஒவ்வொண்ணையும் கேட்டு, பத்திரமா ஓரமா வச்சு, அடுத்ததை எடுத்தா. தினமும் போவா. மழையிலயும் போனா. குருவம்மாவும் முனகிக்கிட்டே கூடக் கிளறினா, எங்க வீதிப் பொம்பளைங்களும் ஒவ்வொருத்தியாப் போயி நின்னோம், பெரியநாயகி அக்காவும் ஒரு ஓரமா உட்கார்ந்து கிளறினா.

ஒரு நாள் மத்தியானம் சம்பூரணம் கையில எடுத்ததைக் காதுல வச்சவ அப்படியே உட்கார்ந்துட்டா. நான் ஓடிப்போயி, "கிடைச்சிருச்சா, வர்றேன்னது கிடைச்சிருச்சா?" அப்படீன்னேன். அவ இல்லைன்னு தலையாட்டி, அதை என் காதுல வச்சா. நல்லசிவம் அண்ணன் கொரலு. அவசரமா, கொஞ்சம் பயந்த மாதிரி, வெளிய பூசைச் சத்தம் கேட்குது, ஹாரன் கேட்குது, கிளம்புற நாளு காலையிலதான் சொல்லியிருக்கோணும்.

"சம்பூ, அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்து. உங்கிட்ட ஒண்ணு பேசோணும்."

அவ்வளவுதான் அதுல இருந்துச்சு. அதுக்கு அவ என்ன சொன்னா, என்ன பேச வந்தாரு, ஒண்ணும் தெரியாது. போன் போட்டுக் கேட்டா, அவருக்கும் தெரியலை. "அப்படியா சொன்னேன்? முக்கியமாத்தான் இருந்திருக்கும்" அப்படீன்னாரு. போகலைன்னு சொல்ல வந்தாரோ, சீக்கிரம் வந்துருவேன்னு சொல்ல வந்தாரோ, புளியைக் கொறைச்சுப் போடுன்னு சொல்ல வந்தாரோ, ஆளாளுக்கு ஒண்ணு நெனைச்சுக்கிட்டோம்.

சம்பூரணம் அந்தச் சொல்லைச் சேலைத் தலைப்புல முடிஞ்சு கொண்டாந்து நிலைப்படி ஓரமா வச்சுட்டா. அந்த வீட்டுல இப்பக் கூட்டறதில்லை, மெஷினாலயும் இல்லை, வெளக்குமாத்தாலயும் இல்லை. தூசி கணுக்கால் வரைக்கும் இருக்கு, நாங்க போனா அதுலயே உட்கார்ந்து பேசிட்டு வருவோம். சின்னப்பொண்ணு மூலையில இருக்கு, பிளாஸ்டிக் காகிதம் பிரியாம, சந்தனப் பொட்டு காஞ்சுபோயி, பார்க்க இன்னும் அழகாத்தான் இருக்கு. நிறுத்தற பட்டன் அதுக்கு அடியிலயே இருந்திருக்கு, அழுத்தினா நின்னுடும், அவ்வளவு சுலபம்.

யாராவது நிலைப்படியைத் தாண்டினா அந்தச் சொல்லு அசைஞ்சு பேசும். சம்பூ, அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்து, உங்கிட்ட ஒண்ணு பேசோணும். சம்பூரணம் அடுப்படியில இருந்தாலும் கையைத் துடைச்சுக்கிட்டு வந்துருவா. வந்து எதிர்ல உட்கார்ந்து, "நிறுத்திட்டேன் மாமா, சொல்லுங்க" அப்படீன்னுட்டு, கேட்டுக்கிட்டு இருப்பா.